முதல் முறை கேம்பிங்: இருட்டுவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

கூடாரத்தில் முதல் இரவு பலருக்கும் சிரமமாகப் போவது குளிராலோ பூச்சியாலோ அல்ல, நேரத்தால்தான். இருட்டிய பிறகு கூடாரம் அடித்து, பையைக் கொட்டி உப்பைத் தேடி, பத்து மணிக்குச் சாப்பிட்டால் எந்த இடமும் பிடிக்காது. வெளிச்சம் போவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். கீழே உள்ள எல்லாமே அதற்கான வழிகள்தான்.

1. வீட்டிலேயே பாதிச் சமையல்

இந்தப் படிக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். காய்களைக் கழுவி நறுக்கி, ஒரு வேளைக்கு ஒரு பை என்று கட்டுங்கள். அந்த வேளைக்கான உப்பு, மசாலாவை ஒரு சின்னப் பொட்டலமாக்கி அதற்குள்ளேயே வைத்து, 'முதல் நாள் இரவு', 'இரண்டாம் நாள் காலை' என்று மேலே எழுதிவிடுங்கள். அங்கே போய் அளக்கவும் வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம்.

ஐஸ் பெட்டிக்குச் சின்ன ஐஸ் கட்டிகளைவிட, தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து எடுத்துப்போவது நல்லது. பெரிய கட்டி மெதுவாகத்தான் உருகும். உருகிய தண்ணீரைக் குடிக்கவும் செய்யலாம். உறையும்போது தண்ணீர் விரியும் என்பதால் பாட்டிலை முழுக்க நிரப்பாதீர்கள். கடைசி நாள் சாப்பாடு அடியில், முதல் நாளுடையது மேலே. பச்சை இறைச்சி இருந்தால் கசியாத டப்பாவில் எல்லாவற்றுக்கும் கீழே வையுங்கள். குளிர்பானங்களுக்குத் தனிப் பெட்டி இருந்தால் நல்லது, அதைத்தான் எல்லோரும் அடிக்கடி திறப்பார்கள். சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு.

அப்புறம், புது அடுப்பு வாங்கியிருந்தால் வீட்டு வாசலில் ஒரு தடவை பற்றவைத்துப் பாருங்கள். கூடாரத்தையும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

2. இடம் பார்ப்பது

சமமான, கொஞ்சம் மேடான இடம் வேண்டும். பள்ளத்தில் மழைத்தண்ணீர் மட்டுமல்ல, இரவில் குளிர்காற்றும் வந்து தங்கும். தலைக்கு மேலே காய்ந்த கிளை இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். முளைகளை, தலைப்பகுதி கூடாரத்தை விட்டு வெளிப்பக்கமாகச் சாயும்படி அடித்தால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு மழை இரவில் எனக்கு இது தெரியாமல் போனது. நீட்டிய ஓரத்தில் விழுந்த தண்ணீர் எல்லாம் தார்ப்பாய் வழியே கூடாரத்துக்கு அடியில் வந்து சேர்ந்து, விடிவதற்குள் போர்வை வரை நனைந்துவிட்டது. ஓரங்களை உள்ளே மடித்துவிட்டாலே போதும்.

3. அடுப்பு

மழை பெய்தாலும் சரி, குளிர் நடுக்கினாலும் சரி, கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ பற்றவைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். வெளியே, கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளிச் சமையுங்கள். சாப்பாட்டு வாசனைக்கு விலங்குகள் வரும் என்பதால் மிச்ச உணவையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

காற்றடித்தால் தீ வீணாகும். காற்று வரும் பக்கம் மட்டும் மறைப்பு வையுங்கள். கேஸ் குப்பியின் தலையிலேயே பொருத்தும் அடுப்பு என்றால் சுற்றி முழுக்க மூடிவிடாதீர்கள். குப்பி சூடாகி வெடிக்கக்கூடும். கடுங்குளிர் இடத்துக்கு வெறும் பியூட்டேன் குப்பி உதவாது. பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போது அது சரியாக ஆவியாகாமல் தீ மங்கிவிடும். புரொப்பேன் கலந்த குப்பி வாங்குங்கள்.

எரிபொருளை மிச்சப்படுத்த எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. அரிசி கொதி வந்து ஐந்து நிமிடம் ஆனதும் மூடியோடு இறக்கி, தடித்த துண்டிலோ கம்பளியிலோ சுற்றி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பாத்திரத்தின் சூட்டிலேயே வெந்துவிடும். அந்த நேரத்தில் அடுப்பில் வேறொன்று தயாராகும்.

விறகு மூட்ட அனுமதி உள்ள இடமானால், சுவாலையில் சமைக்காமல் தணலாகும் வரை பொறுங்கள். பாத்திரத்தின் வெளிப்பக்கம் சோப்பைப் பூசிவிட்டு அடுப்பில் வைத்தால் கரி எளிதாகக் கழுவிக்கொண்டு போகும்.

உயரமான மலையில் சமையல் நேரம் கூடும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் 1 டிகிரி குறையும். அங்கே பருப்பு, பயறு வேகாமல் பொறுமையைச் சோதிக்கும். சீக்கிரம் வேகும் பொருளாகக் கொண்டுபோங்கள்.

4. தண்ணீர்

ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்கும் முன் கொதிக்க வையுங்கள். நன்றாகக் குமிழியிட்ட பிறகு 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். பாத்திரம் கழுவுவதை ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

5. தூக்கம்

குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கி, சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றை இழந்துவிடுகிறது. அதனால் இரண்டாவது போர்வைக்குப் பணம் செலவழிப்பதைவிட நல்ல பாய் ஒன்று வாங்குங்கள். படுக்கும் முன் காய்ந்த காலுறைக்கு மாறி, வெந்நீர் நிரப்பி இறுக்கி மூடிய உலோக பாட்டிலைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கிறதே என்று காற்றுத் திறப்புகளை அடைத்துவிட்டால், நம் மூச்சின் ஈரமே உட்பக்கம் துளியாகி மேலே சொட்டும்.

விளக்குக்கு ஒரு சுலப வழி: தலையில் கட்டும் விளக்கைத் தண்ணீர் கேனைச் சுற்றி, ஒளி உள்நோக்கிப் படும்படி கட்டுங்கள். கூடாரம் முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவும்.

நெருப்பு மூட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். கையை அருகே கொண்டுபோய்ச் சூடு தெரியாத பிறகு, தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால் மட்டும் படுக்கப் போங்கள்.

காலையில் கிளம்பும் அவசரத்தில் கூடாரத்தை ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால், வீட்டுக்கு வந்த அன்றே விரித்துக் காயப்போடுங்கள். ஈரத்தோடு பையில் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.