செக்கு எண்ணெய் கடை போடறவங்க பண்ணக்கூடாத தப்புங்க

இப்ப எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மரச்செக்கு எண்ணெய் கடை இருக்கு. எல்லா போர்டுலயும் அதே மாட்டுப் படம், அதே "பாரம்பரியம்", அதே "100% சுத்தம்". வாங்க வர்றவங்களுக்கு ஒரு கடைக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசமே தெரியாததால அவங்க கேக்கறது ஒரே கேள்விதான், லிட்டர் எவ்ளோ?

அதுக்குப் பயந்து விலையக் குறைக்கறதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு சுமாரா ரெண்டரை கிலோ பருப்பு போகும், கிலோ 120 ரூபான்னு வெச்சாக்கூட பருப்புக்கே 300 ஆச்சு, புண்ணாக்கு வித்தா கொஞ்சம் திரும்பி வரும், ஆனா கரண்ட்டு, கூலி, வாடகை, பாட்டில்னு அதுமேல ஏறிக்கிட்டே போகும். பக்கத்துக் கடையில லிட்டர் 220ன்னு விக்கறாங்கன்னு நீங்களும் இறங்கினா ஒண்ணு நஷ்டப்படணும், இல்ல கலப்படம் பண்ணணும். தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க. இந்தக் கணக்க அப்படியே எழுதி கல்லாப் பக்கத்துல மாட்டுங்க, கேக்கறவங்களுக்கு அதுவே பதில்.

அப்புறம் லேபிள்ல "கொலஸ்ட்ரால் இல்லாதது"ன்னு போடறது. செடி கொடியில இருந்து வர்ற எந்த எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் கிடையாதுன்னே சொல்லலாம், பாமாயிலும் அதுல சேர்த்திதான், அப்ப அது எப்படிங்க உங்க எண்ணெய்க்கு மட்டும் பெருமை ஆகும்? சுகர் குணமாகும், மூட்டுவலி போகும்னு போடறது இன்னும் மோசம், உணவுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் பண்ண எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதியிலயே இடமில்ல.

நெஜமாவே சொல்ல வேண்டியத யாரும் சொல்றதில்லன்னுதான் எனக்கு வருத்தம். எள்ளு எந்த ஊர்ல வாங்கினது, என்னைக்கு ஆட்டினது, ஆட்டும்போது கருப்பட்டி போட்டீங்களா வெல்லமா, இதெல்லாம் பாட்டில்ல எழுதுங்க. வெயில்ல வெச்சு தெளிய வெச்ச எண்ணெய்ல அடியில கொஞ்சம் கசடு நிக்கும், அத விக்கும்போதே சொல்லிடணும், வீட்டுக்குப் போய் பாத்துட்டு கெட்டுப்போச்சுன்னு நினைச்சிட்டா அந்த கஸ்டமர் திரும்ப வரமாட்டாங்க.

செக்க கடைக்குப் பின்னாடி ரூம்ல மறைச்சு வைக்கறதும் வேண்டாம். முன்னாடி போட்டு, இந்தக் கிழமை கடலை, இந்தக் கிழமை எள்ளுன்னு ஆட்டற நேரத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டு விடுங்க, சொந்தமா பருப்பு கொண்டு வர்றவங்களுக்கு கூலிக்கும் ஆட்டிக் குடுங்க.