காணி சுவீகரிப்பு அறிவித்தல்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு காணியை எடுக்கப் போவதாக அறிவித்தல் வந்தால், காணி உறுதியின் பிரதியைக் கொண்டு போ, அடையாள அட்டையை மறக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். காணியை இழக்க வைப்பது வேறு பிழைகள்.

ஆட்சேபனையைத் தவறான மேசையில் வைப்பது

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் வெறும் தொடக்கம். சேவயர் உள்ளே வந்து அளக்க வழிவிடுவது. காணிக்காரர் ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமிருப்பது 4ஆம் பிரிவில். அங்கே கிடைக்கும் காலம் குறைந்தது 14 நாள்.

அறிவித்தலில் கையெழுத்து பிரதேச செயலாளருடையது. ஆட்சேபனை போக வேண்டியதோ, அதே அறிவித்தலில் குறித்திருக்கும் அமைச்சின் செயலாளருக்கு. கடைசி வரி வரை வாசிக்காதவர் ஒரு தாளில் எழுதிப் பிரதேச செயலகக் காணிக் கிளையில் கொடுத்து, “பார்ப்பம்” என்ற பதிலோடு வீடு திரும்புகிறார். திகதி முத்திரை குத்திய பிரதிகூடக் கையில் இல்லை. 5ஆம் பிரிவுப் பிரகடனம் வர்த்தமானியில் வந்ததும், அந்தக் காணி பொதுத் தேவைக்கு வேண்டியது என்பதற்கு அதுவே முடிந்த சான்றாகிவிடும். பிறகு நட்டஈட்டுக் கோரிக்கைக்கு அழைக்கும் 7ஆம் பிரிவு அறிவித்தலை ஏற்று விசாரணைக்குப் போய், “தரமாட்டன்” என்று மேசையில் தட்டுவார். அங்கே பேசப்படுவது உரித்தும் நட்டஈடும் மட்டுமே. இவ்வளவு தூரம் வந்து கத்துகிறவர் அந்த 14 நாளில் ஒரு பதிவுத் தபால் போட்டிருக்கலாமே என்ற எரிச்சல் ஒவ்வொரு முறையும் வருகிறது.

ஆட்சேபனையைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு பின் அடித்து வையுங்கள். இன்னொரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். உறுதி இலக்கம், வரைபட இலக்கம், ஏக்கர், கிணறு, பயன்தரு மரங்கள், எந்தக் குளத்தின் கீழ் வயல், அருகில் பயன்படுத்தக்கூடிய அரச காணி உண்டா என்பதெல்லாம் இருக்கட்டும். ‘நேரில் விளக்கமளிக்க விரும்புகிறேன்’ என்று ஒரு வரி கட்டாயம். ஆட்சேபனைக்காரரைக் கேட்காமல் முடிவெடுக்கச் சட்டத்தில் இடமில்லை. விலை பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஏக்கருக்கு இவ்வளவு தா என்று எழுதினால், எடுப்பதற்குச் சம்மதம் என்றே வாசிப்பார்கள்.

‘பொதுத் தேவை’ என்ற சொல்லோடு திருப்திப்படுவது

என்ன தேவை? மனெல் பெர்னாண்டோ எதிர் டி. எம். ஜயரத்ன வழக்கில், நோக்கத்தை வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாடசாலையா, முகாமா என்று தெரியாமல் எதை ஆட்சேபிப்பது?

38ஆம் பிரிவைக் கவனியாமல் விடுவது

அதன் (அ) காப்புவாசகப்படி அவசரம் என்று சொன்னால், 2ஆம் பிரிவு அறிவித்தலுக்குப் பின் எந்நேரமும் காணியைப் பொறுப்பேற்கலாம். ஆட்சேபனைக் கட்டம் வராமலே போய்விடும். ஆகவே தாக்க வேண்டியது அவசரத்தையே. எடுத்த காணியில் ஆண்டுக்கணக்காகப் பற்றை மண்டிக் கிடந்தால், திகதியோடு படமெடுத்து வையுங்கள்.

இரண்டு ‘4ஆம் பிரிவு’களைக் குழப்புவது

28.03.2025 திகதிய 2430ஆம் இலக்க வர்த்தமானி வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கரைக் குறிவைத்தபோது பலர் இதைச் சுவீகரிப்பு என்றே நினைத்தார்கள். அது காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் காணி அரசுடையதாகும். நட்டஈடு என்ற பேச்சே இல்லை. உயர் நீதிமன்றம் பின்னர் இடைக்காலத் தடை விதித்தது. வர்த்தமானியின் தலைப்பை முதலில் வாசியுங்கள்.

பெர்மிட் காணிக்கு உறுதிக் கதை கதைப்பது

பெர்மிட் காணி அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி. அதற்கு வேறு சட்டம், வேறு வழி.

ஒரு மாதத்தைத் தவறவிடுவது

உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு அவ்வளவுதான் காலம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் நாட்கள் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை நிலுவையில் இருப்பதாகக் கடிதம் வாங்குங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்

உங்களுக்காக இங்கே ஒருவர் செயற்பட அற்றோணித் தத்துவத்தை இப்போதே எழுதிக் கொடுங்கள்.

சேவயரைத் திருப்பி அனுப்பியதோடு முடிந்தது என்று நினைப்பது

முல்லைத்தீவு வட்டுவாகலில் மக்கள் திரண்டு அளவீட்டைப் பல தடவை நிறுத்தினார்கள். ஆனால் அளவீடு நின்றால் அறிவித்தல் ரத்தாகாது. உங்கள் காணியின் கோவை (கோப்பு) எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும்.