அடைத்த ஏலைக் குளிரில் வைக்காதீர்கள்

இங்கிலாந்தில் இந்த வருடம்தான் வீட்டில் ஏல் என்ற பியர் வகையைக் காய்ச்சத் தொடங்கிய நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். “பாட்டில்ல அடைச்சு மூணு வாரம் ஆச்சுங்க, நுரையே வரலை. இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா?”

“போடாதீங்க, மூடியைத் தொடாதீங்க” என்று கத்தியேவிட்டேன். நான் ஆரம்பத்தில் செய்த தப்பும் இதேதான். பாத்திரச் சுத்தத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். வெப்பநிலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அடைத்த கையோடு குளிரில் வைப்பது

அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால்தான் பாட்டிலுக்குள் வாயு உண்டாகும். ஏல் ஈஸ்டுக்கு அதற்கு 18 முதல் 22 டிகிரியில் இரண்டு வாரமாவது வேண்டும். நவம்பர் மாதக் கேரேஜின் 7 டிகிரியில் ஈஸ்ட் அடியில் படிந்து தூங்கிவிடும். சர்க்கரை அப்படியே இருக்கும்.

இது தெரியாமல் 20 லிட்டர் ‘பிட்டர்’ வகை ஏலை 40 பாட்டிலில் அடைத்து நேராகக் கேரேஜில் அடுக்கினேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் சப்பென்று இருந்தது. மொத்தத்துக்கும் ஏற்கெனவே 90 கிராம் சர்க்கரை போட்டிருந்தேன். அது போதவில்லை என்று நினைத்து, பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன் போட்டு மறுபடி மூடினேன். இரண்டு கிராம் இருந்த இடத்தில் ஆறு கிராமுக்கு மேல் ஆகிவிட்டது. மே மாதம் வெயில் வந்ததும் ஈஸ்ட் விழித்துக்கொண்டது. ஒரே ராத்திரியில் பதினோரு பாட்டில் வெடித்தன. காலையில் பார்த்தால், எதிரே இருந்த அட்டைப்பெட்டியில் விரல் நீளக் கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. அதற்குக் கீழேதான் மகளின் சைக்கிள். இன்று நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது.

நுரை வரவில்லையென்றால் பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். மெதுவாகக் கவிழ்த்து அடிமண்டியைக் கலக்கிவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். நண்பர் மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியில் வைத்தார். பன்னிரண்டாம் நாள் அவர் திறந்தபோது ‘புஸ்’ என்ற சத்தம் எனக்குப் போனிலேயே கேட்டது.

கூடுதல் சர்க்கரையை ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? அப்படியானால் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, நன்றாகக் குளிரவைத்து, ஒவ்வொன்றாக வாயுவை வெளியேற்றுங்கள்.

நுரை வந்த பிறகும் சூட்டிலேயே விடுவது

இப்போதுதான் குளிர்ந்த இடம் வேண்டும். 11 முதல் 13 டிகிரி போதும். ரேடியேட்டர் பக்கத்தில் மாதக்கணக்கில் வைத்த ஏலில் நனைந்த அட்டையின் ருசி ஏறிவிடும். அப்புறம் அதை மீட்க வழியில்லை.

ஐஸ் போலக் குளிரவைத்துக் குடிப்பது

4 டிகிரியில் ஏல் கலங்கும், ருசியும் அடங்கிவிடும்.

படுக்க வைப்பது

வேண்டாம். நிமிர்த்தியே வையுங்கள்.