ஷாக்: பி.பி. இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

ஷாக்கில், அதாவது உள்ளுறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத ஆபத்தான நிலையில், ரத்த அழுத்தம் பெரும்பாலும் தாமதமாகத்தான் விழும். ரத்தக்குழாய்களைச் சுருக்கி உடல் சமாளித்துக்கொண்டிருக்கும். மானிட்டர் சிஸ்டாலிக் (பி.பி.யின் மேல் எண்) 110 என்று காட்டும்போதே உள்ளுறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போயிருக்கலாம்.

முதலில் கையைத் தொட்டுப் பாருங்கள். விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடத்தில் மறுபடி ரத்தம் ஓட 3 விநாடிக்கு மேலானால் உஷார். அறை ஜில்லென்று இருந்தாலும் இப்படி ஆகும் என்பதால், முழங்காலைச் சுற்றித் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கிறதா, ஆள் குழம்பிப் பேசுகிறாரா என்றும் கவனியுங்கள். நாடித்துடிப்பை சிஸ்டாலிக்கால் வகுங்கள்: 115-ஐ 110-ஆல் வகுத்தால் 1.05. பெரியவர்களுக்கு 0.9-ஐத் தாண்டினாலே கவலைதான். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரிடம் இந்தக் கணக்கு ஏமாற்றும், துடிப்பு ஏறாது. செப்சிஸில் (கிருமித்தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி உறுப்புகள் கெடும் நிலை) கைகால் வெதுவெதுப்பாகவே இருக்கலாம்.

எல்லோருக்கும் சலைன் பாட்டிலைத் தொங்கவிடும் பழக்கம்தான் ஆபத்து. கழுத்துச் சிரை புடைத்து, நுரையீரலில் நீர் சத்தமும் கேட்டால் கோளாறு இதயத்தில் இருக்கலாம். சலைன் மூச்சுத்திணறலைக் கூட்டிவிடும். சிரை புடைத்து நுரையீரல் சுத்தமாக இருந்தால் இதய உறையில் நீரா, மார்பில் அடைபட்ட காற்றா என்று உடனே பாருங்கள். திரவம் தேவையென்றால் 250 முதல் 500 மி.லி. வேகமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் மறுபடி சோதியுங்கள். ரத்தப்போக்குக்கு ரத்தம்தான் மருந்து. கசிவை அடைக்காமல் எதை ஏற்றியும் நிற்காது.

அனாஃபிலாக்சிஸில் (உயிருக்கே ஆபத்தான அலர்ஜி) பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மி.கி., தொடையின் வெளிப்புறத் தசையில். 5 நிமிடத்தில் சரியாகவில்லையா, இன்னொன்று. ஆன்டிஹிஸ்டமின் எனும் அலர்ஜி மருந்து அப்புறம்.

செப்சிஸில் சராசரி அழுத்தம் 65-ஐ எட்டவில்லையென்றால், சென்ட்ரல் லைனுக்காக (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைக்குள் செலுத்தும் குழாய்) நேரம் கடத்தாமல் முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல சிரையில், ரத்தக்குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினைத் தொடங்கலாம். ஊசி போட்ட இடம் வீங்குகிறதா, வெளுக்கிறதா என்று மட்டும் அடிக்கடி பாருங்கள்.