‘சீசன் முடியட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறோம். கணவர் சொந்தமாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே எங்களுக்கு இருப்பது ஒரு மாடிப்படிதான். இந்த ஏழு வருடத்தில் நாங்களும், இதே பிழைப்பில் இருக்கும் அக்கம்பக்கத்தாரும் செய்த தவறுகளை எழுதுகிறேன்.

பெரிய தவறு, எதற்கெடுத்தாலும் ‘சீசன் முடியட்டும்’ என்பது. பிள்ளை வெளியே கூட்டிப்போகச் சொன்னாலும், மாமியாரின் முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தாலும் நம் வாயில் அதுதான் வருகிறது. காலண்டரை எதிரில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஏப்ரல், மே முதல் சீசன். மே மாதத்தில் இங்கே நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று வரிசையாக வரும். ஜூனில் கூட்டம் குறைந்தால் மழை பிடித்துக்கொள்ளும். கூரை ஒழுகலைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவர் கொழுந்தைப் பார்க்க வேண்டும். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் எல்லாம் ஊருக்கு விடுமுறை, நமக்கு வேலை. மூச்சு விட முடிவது பிப்ரவரி, மார்ச்சில். அப்போது பிள்ளைக்குப் பரீட்சை நெருங்கிவிடும்.

அவளுக்கு லீவு வந்தால் நமக்கு சீசன். நமக்குக் கை ஓய்ந்தால் அவளுக்குப் படிப்பு. இதை நான் உணர்ந்தது என் மகள் கேட்ட ஒரு கேள்வியில். “வர்றவங்ககிட்டயெல்லாம் மலை ரயில்ல போங்கன்னு சொல்றியேம்மா, நாம எப்பம்மா போவோம்?” அவளுக்கு அப்போது பத்து வயது. 1908 முதல் ஊட்டிக்கு வந்துபோகிற ரயில். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் ஏறி இறங்குகிறார்கள், இந்த மலையில் பிறந்த பிள்ளை ஏறியதில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே சீசன் முடியக் காத்திருக்காமல் சீசனுக்குள்ளேயே நாளை எடுத்து வையுங்கள். நாங்கள் மார்ச் மாதமே உட்கார்ந்து, மே மாதத்தில் இரண்டு நாளைப் புக்கிங் ஆப்பில் அடைத்துவிடுகிறோம். வார நாளாகப் பார்த்து எடுத்தால் இழப்பு குறையும். எங்களுக்கு இரண்டு அறை, இரண்டு நாள் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய் போகிறது. சின்னத் தொகை இல்லை, வலிக்கத்தான் செய்கிறது. அந்தத் தொகையை வருடச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிட்டால், கடைசி நேரத்தில் யாராவது கூடுதல் வாடகை தருகிறேன் என்று அழைக்கும்போது மனம் ஆடாது. முதல் வருடம் எழுதாமல் விட்டதால் ஒரு நாளை விற்றுவிட்டேன்.

அடுத்த தவறு, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் கட்டாயமான பிறகு, இரவு பதினொன்றுக்கும் “பாஸ் எப்படி எடுக்கணும்?” என்று அழைப்பு வரும். கேட்பவர் மேல் தப்பில்லை, முன்பே சொல்லாதது என் தப்பு. இப்போது முன்பணம் வந்த உடனேயே இ-பாஸ், வழி, சாப்பாட்டு நேரம், குளிருக்கு என்ன எடுத்துவர வேண்டும் எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பிவிடுகிறேன். தொழிலுக்குத் தனி நம்பர். அந்தப் போன் ஒன்பது மணிக்கு அடுக்களை அலமாரிக்குப் போய்விடும். மாடியில் தங்கியிருப்பவருக்கு அவசரம் என்றால் கதவைத் தட்டலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு பேர்தான் தட்டியிருக்கிறார்கள்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒன்று. இரவில் கோவை விமான நிலையத்துக்குப் போய் ஆளை ஏற்றிவந்து, அதே காலையில் ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பாதீர்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் வழியில், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி இறக்கத்தில் கண் சொக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு டிரிப் எடுத்தால் மறுநாள் மதியம் வரை வண்டி எடுப்பதில்லை என்று என் கணவர் வைத்திருக்கிறார். அதற்காக அவரோடு நான் சண்டையே போட வேண்டியிருந்தது.

வேலை நேரத்தைக் கணக்கிடாமல் இருப்பதும் தவறுதான். என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் வீடு. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. நமக்கு நாமே முதலாளி ஆன பிறகு அந்த ஒரு நாளையும் விட்டுவிட்டோம். ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பார்த்தேன்: 81 மணி நேரம். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொல்லியிருக்கின்றன. நீங்களும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.

அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. துணி, விறகு, ரேஷன் கடை. அப்பாவுக்கு அது ஓய்வு நாள். ஹோம்ஸ்டே நடத்தும் வீடுகளில் இன்றும் இதுவே நடக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குத் தினமும் 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்கிறது 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. குடும்பத்தோடு இருக்கிறோம் என்று அறையை அடைத்துவிட்டு, அன்று வீட்டுப் பெண் பிரியாணி செய்து பாத்திரம் கழுவினால் அது யாருக்கு விடுமுறை? எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாளும் சமையல் கிடையாது. மாமியார் முதலில் முகம் சுளித்தார். போன மே மாதம், “எந்தக் கடையில சாப்பிடப் போறோம்?” என்று அவரே கேட்டார்.

புக்கிங்கை மறுக்கும்போது ‘அறை நிரம்பிவிட்டது’ என்று பொய் சொல்லத் தேவையில்லை. நான் இப்படி அனுப்புகிறேன்: “அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டுக்கு விடுமுறை. அதற்கு முன்போ பின்போ வர முடிந்தால் சொல்லுங்கள், அறையை வைத்திருக்கிறேன்.” சிலர் வேறு இடம் தேடிக்கொள்கிறார்கள். சிலர் தேதியை மாற்றிக்கொண்டு வந்து, ரயிலில் போனீர்களா என்று என் மகளைக் கேட்கிறார்கள்.