புதன்கிழமை ஊசி: காசிமேட்டு அம்மா சொல்வது

என் மூத்தவள் 2015-ல் பிறந்தபோது, நிமோனியாவைத் தடுக்கும் பிசிவி ஊசியைத் தனியாரிடம்தான் காசு கொடுத்துப் போட வேண்டும். ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். படகுக் கூலியில் எங்களால் முடியவில்லை. 2021-ல் தமிழ்நாட்டில் அரசே அதை இலவசமாகப் போடத் தொடங்கியது. சின்னவனுக்கு மூன்று தவணையும் பைசா செலவில்லாமல் போட்டாச்சு. அக்கம்பக்கத்தில் இன்னும் பலருக்கு இது தெரியவில்லை.

பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் தடுப்பூசி அட்டையைப் பிரித்துப் பாருங்கள். காசநோயைத் தடுக்கும் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி மூன்றுக்கும் தேதி எழுதியிருக்க வேண்டும். அப்புறம் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று புதன்கிழமைகளில் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மீன் ஏலம் முடிந்ததும் நான் நேராகப் போய்விடுவேன். அட்டையும், பதிவு செய்த போனும் கையில் இருக்கட்டும்.

இரண்டரை மாத ஊசி சின்னவனுக்குத் தவறிவிட்டது. பழவேற்காட்டில் அம்மா வீட்டில் இருந்தேன், அட்டை இங்கே. அட்டை கையில் இருந்திருந்தால் அங்கேயே போட்டிருக்கலாம். எந்த அரசு நிலையத்திலும் போடுவார்கள். திரும்பி வந்ததும் பயந்துகொண்டே கேட்டேன். முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம், தவணைகளுக்கு நடுவே நாலு வாரம் இருந்தால் போதும் என்று நர்சம்மா சொன்னார். வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஒத்தடம் வேண்டாம். அன்றிரவு காய்ச்சல் வரலாம். பால் கொடுத்துக்கொண்டே இருங்கள். பாராசிட்டமால் அளவை மட்டும் நர்சம்மாவிடம் கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். கடையில் கிடைக்கும் பாராசிட்டமால் சொட்டு மருந்து, சிரப்பைவிடப் பல மடங்கு வீரியமானது. மூடி அளவு ஒன்றுதானே என்று ஊற்றினால் குழந்தைக்கு ஆபத்து. பக்கத்து வீட்டுப் பாட்டி அப்படி ஊற்றப் போனபோது ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

ஒன்றரை வயது ஊசி எல்லோருக்கும் நினைவிருக்கும். ஐந்து வயது ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போதே போட்டுவிடுங்கள். மூத்தவளுக்குப் ரண ஜன்னி, தொண்டை அடைப்பானைத் தடுக்கும் பத்து வயது டிடி ஊசியைப் போட்டபோது, கிழிந்து டேப் ஒட்டிய அதே அட்டையில்தான் எழுதி வாங்கினேன்.