பழைய வழக்கு இருந்தால் துப்பாக்கி உரிமம் கிடைக்குமா? முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

"பத்து வருஷத்துக்கு முன்னால் வரப்புத் தகராறில் ஒரு அடிதடி கேஸ் ஆனது. இப்போது துப்பாக்கி லைசென்ஸ் கேட்டால் கொடுப்பார்களா?" தோட்டக்காரர்கள், நகைக்கடை வைத்திருப்பவர்கள், ஓய்வுக்குப் பின் காவலாளி வேலைக்குப் போக நினைக்கும் முன்னாள் ராணுவத்தினர் என்று பலரும் கேட்கும் கேள்வி இது. பயத்தில் விண்ணப்பிக்காமலே விடுபவர்கள் ஒரு பக்கம். கேஸை மறைத்து விண்ணப்பித்து மாட்டிக்கொள்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் தேவையில்லை. சட்டம் எதைத் தடுக்கிறது, எதை அதிகாரியின் முடிவுக்கு விடுகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் நிலையை நீங்களே ஓரளவு கணித்துவிடலாம்.

இந்தியாவில் இதற்கான சட்டம் ஆயுதச் சட்டம், 1959. நடைமுறைகள் ஆயுத விதிகள், 2016-இல் இருக்கின்றன. மாவட்டங்களில் உரிமம் வழங்குபவர் ஆட்சியர். சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அடிப்படை உரிமை அல்ல. அமெரிக்க அரசியலமைப்பில் இருப்பது போன்ற ஆயுத உரிமை நம் அரசியலமைப்பில் இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் சுட்டிக்காட்டியது. அதனால் "எனக்குத் தடை இல்லை, ஆகவே கொடுத்தே ஆக வேண்டும்" என்று வாதிட முடியாது. தடை இல்லை என்று காட்டுவது முதல் கட்டம். நீங்கள் தகுதியானவர், உங்களுக்குத் தேவை இருக்கிறது என்று அதிகாரியை ஏற்க வைப்பது அடுத்த கட்டம்.

படி 1: உங்கள் வழக்குகளை எழுதி வையுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் பெயர் இதுவரை இடம்பெற்ற எல்லா வழக்குகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே காவல் நிலையம், குற்ற எண், நீதிமன்றம், வழக்கு எண், முடிவு. நினைவில் இல்லாததை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். மிகப் பழைய வழக்காக இருந்தால் இணையத்தில் இருக்காது. அந்த நீதிமன்றத்துக்கு நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

"முடிவு" என்ற இடத்தில் "கேஸ் முடிஞ்சு போச்சு" என்று எழுதிவிடாதீர்கள். தண்டனையா, விடுதலையா, சமரசமா, இன்னும் நிலுவையா, அபராதம் மட்டுமா என்று தெளிவாக எழுதுங்கள். இனி வரும் எல்லாமே அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது.

படி 2: பிரிவு 9-இன் தடை உங்களுக்குப் பொருந்துமா?

ஆயுதச் சட்டத்தின் பிரிவு 9 சிலர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று நேரடியாகத் தடுக்கிறது. 21 வயது நிரம்பாதவர்கள் ஒரு வகை. வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் சிறைத்தண்டனை பெற்றவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்குத் தண்டனைக் காலம் முடிந்ததிலிருந்து 5 ஆண்டுகள் தடை. சிறைத்தண்டனை எத்தனை நாள் என்பது பொருட்டல்ல. ஒரு மாதமானாலும் தடைதான்.

ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வழக்கையும் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். குற்றவாளி என்று தீர்ப்பு வந்ததா? சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதா? குற்றம் வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்ததா? மூன்றுக்கும் "ஆம்" என்றால்தான் இந்தத் தடை வரும்.

வன்முறை எது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. கொலை முயற்சி, காயப்படுத்துதல், கலவரம், கொள்ளை, மனைவியைக் கொடுமைப்படுத்துதல் எல்லாம் அதில் வரும். ஒழுக்கக்கேடு என்பதற்குத்தான் சட்டத்தில் வரையறை கிடையாது. திருட்டு, மோசடி, போலி ஆவணம், லஞ்சம், பாலியல் குற்றங்கள் ஆகியவற்றை அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் எல்லாக் குற்றமும் ஒழுக்கக்கேடு ஆகிவிடாது. ஹரியானாவில் ஒருவர் பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொண்டார் என்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 ரூபாய் அபராதம் கட்டினார். அதை வைத்து அவரை அரசு வேலையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. அது வேலை சம்பந்தப்பட்ட வழக்குதான். ஆனாலும் ஒழுக்கக்கேடு என்ற முத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தக்கூடாது என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

அபராதம் மட்டும் கட்டிய பெட்டி கேஸ்கள், போக்குவரத்து அபராதங்கள் ஆகியவை இந்தத் தடைக்குள் வராது. அங்கே சிறைத்தண்டனையே இல்லையே. கவனக்குறைவாக ஓட்டி நேர்ந்த விபத்து வழக்கையும் பொதுவாக ஒழுக்கக்கேடாகப் பார்ப்பதில்லை. "நீதிமன்றம் கலையும் வரை" (அன்று நீதிமன்றம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும்) என்று தண்டனை பெற்றவர்கள் மட்டும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் சிறைத்தண்டனை வகைதான் என்ற வாதம் உண்டு.

படி 3: 5 ஆண்டுக் கணக்கு

பலரும் தீர்ப்பு வந்த தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். அது தவறு. தண்டனை முடிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

உதாரணமாக, 2016-இல் அடிதடி வழக்கில் ஒருவருக்கு 2 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வருகிறது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் இருக்கிறார். 2019-இல் மேல்முறையீடு தள்ளுபடியாகிறது. சரணடைந்து, தண்டனையை 2021 ஜூனில் முடிக்கிறார். தடை 2026 ஜூன் வரை நீடிக்கும். தீர்ப்பு வந்து 10 வருடம் ஆகிவிட்டதே என்று இடையில் விண்ணப்பித்தால் மறுப்புத்தான் வரும்.

மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தால் குற்றவாளி என்ற தீர்ப்பு போய்விட்டது என்று பொருளல்ல. ஜெயிலுக்குப் போகாமல் வெளியே இருக்கலாம், அவ்வளவுதான். மேல்முறையீட்டில் முழுமையாக விடுதலை ஆனால் கதை வேறு. அப்போது தண்டனையே இல்லாமல் போகிறது.

இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. நன்னடத்தைச் சட்டம், 1958-இன்படி சிறைத்தண்டனை விதிக்காமல் விடப்பட்டவர்களுக்கு, குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் பிரிவு 12 சொல்கிறது. சிறுவயதில் இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிந்த வழக்குகளும் பொதுவாகப் பிற்காலத் தகுதியைப் பாதிக்கக்கூடாது. 16 வயதைக் கடந்து, கொடிய குற்றத்துக்காகப் பெரியவர் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. சட்டப்படி சமரசமாகி முடிந்த வழக்கு விடுதலைக்குச் சமம்.

படி 4: பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?

இதைத்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஊரில் திருவிழாத் தகராறு, தேர்தல் நேரத்துச் சண்டை என்று ஏதாவது நடந்தால் போலீஸ் இரு தரப்பையும் "107-இல் போடுவார்கள்". கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் முன்னால் நிறுத்தி, அமைதி காப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்குவார்கள். யாரும் அதை ஒரு வழக்காகவே நினைப்பதில்லை. தண்டனை இல்லை, ஜெயில் இல்லை. ஆனால் பிரிவு 9 இதையும் குறிப்பிட்டே தடுக்கிறது. பத்திரம் அமலில் இருக்கும் காலம் முழுவதும் நீங்கள் துப்பாக்கி வைத்திருக்க முடியாது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 107 இப்போது 126. பழைய 110 இப்போது 129. அமைதி காப்பதற்கான பத்திரம் 126-இன்படி அதிகபட்சம் 1 ஆண்டு. வழக்கமாகக் குற்றம் செய்பவர்களிடம் 129-இன்படி வாங்கும் நன்னடத்தைப் பத்திரம் 3 ஆண்டு வரை போகலாம்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் மட்டும் வந்து, பத்திரம் எழுதச் சொல்லி உத்தரவு வரவில்லையா? அப்படியானால் பிரிவு 9 தடை இல்லை. எந்தத் தேதியில் என்ன உத்தரவு வந்தது என்பதன் நகலை அந்த அலுவலகத்தில் வாங்கி வையுங்கள்.

படி 5: தடை இல்லாவிட்டாலும் பிரிவு 14 இருக்கிறது

5 ஆண்டு முடிந்துவிட்டது, பத்திரமும் காலாவதி. அப்படியும் அதிகாரி மறுக்கலாம். "ஏதேனும் ஒரு காரணத்தால் தகுதியற்றவர்" என்று கருதினாலோ, பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் அவசியம் என்று கருதினாலோ மறுக்கும் அதிகாரத்தைப் பிரிவு 14 கொடுக்கிறது. நிலுவை வழக்குகள், சந்தேகத்தின் பலனில் கிடைத்த விடுதலை, குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்ட வரலாறு, காவல் நிலையத்தின் சரித்திரப் பதிவேட்டில் (தொடர்ந்து கண்காணிக்கப்படுபவர்களின் பதிவேடு) பெயர் இருப்பது எல்லாம் எடை போடப்படுவது இங்கேதான்.

வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி உரிமத்தைப் பறிக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கின்றன. அதனால் பொது அமைதிக்கு என்ன ஆபத்து என்று அதிகாரி காட்ட வேண்டும். ஆனாலும் நடைமுறையில், அடிதடி வழக்கு விசாரணையில் இருக்கும்போது புது உரிமம் கேட்பது வீண் அலைச்சல். வழக்கு முடிந்தபின் போவதே நல்லது.

குடும்ப வன்முறைப் புகார் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடிக்கு பயந்து ஒரு பெண் வாழும் வீட்டுக்குள் சட்டப்படியே ஒரு துப்பாக்கி வருவது மிகப் பெரிய ஆபத்து. அந்த இடத்தில் அதிகாரி கடுமையாக இருப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

படி 6: தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

வாய்ச்சொல் எதற்கும் உதவாது. தீர்ப்பு வந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். சிறையில் இருந்திருந்தால் விடுதலைத் தேதியைக் காட்டும் சிறைச் சான்று வேண்டும். அபராதம் கட்டிய ரசீது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். மேல்முறையீடு நடந்திருந்தால் அந்தத் தீர்ப்பும் தேவை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.

படி 7: படிவம் ஏ-1 நிரப்பும்போது

விண்ணப்பம் படிவம் ஏ-1. அதில் மூன்று விஷயங்களை நேரடியாகவே கேட்பார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு பெற்றிருக்கிறீர்களா, ஆம் என்றால் என்ன குற்றம், என்ன தண்டனை, எந்தத் தேதி? பிணைப்பத்திரம் எழுத உத்தரவு வந்ததா, எப்போது, எவ்வளவு காலத்துக்கு? ஆயுதம் வைத்திருக்க எந்தச் சட்டமாவது உங்களைத் தடுத்திருக்கிறதா? முன்பு விண்ணப்பித்து மறுக்கப்பட்டதா, உரிமம் எப்போதாவது ரத்தானதா என்ற கேள்விகளும் உண்டு.

கேள்வியில் "கடந்த 5 ஆண்டுகளில்" என்று இல்லை. ஆகவே 1998-இல் வாங்கிய தண்டனையையும் எழுத வேண்டும். அபராதத் தண்டனையையும் எழுத வேண்டும். தடை முடிந்துபோன பழைய தண்டனையை எழுதுவதால் உரிமம் தானாக மறுக்கப்படாது. மறைத்தால்தான் சிக்கல். உண்மையை மறைத்தாலோ பொய்த் தகவல் கொடுத்தாலோ பிரிவு 30-இன்படி 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று படிவமே எச்சரிக்கிறது. உரிமம் கைக்கு வந்தபின் தெரிந்தாலும் பிரிவு 17-இன்படி ரத்து செய்யலாம். அடுத்தமுறை விண்ணப்பிக்கும்போது அந்த ரத்தையும் எழுத வேண்டியிருக்கும்.

இடம் போதாவிட்டால் "இணைப்பு காண்க" என்று எழுதி, வழக்கு விவரங்களைத் தேதி வரிசையில் தனித்தாளில் கொடுங்கள். நியாயப்படுத்தி நீளமாக எழுத வேண்டாம். என்ன நடந்தது, என்ன தீர்ப்பு, எப்போது முடிந்தது, அதன்பின் வழக்கு எதுவும் இல்லை என்றால் அந்த ஒரு வரி. போதும்.

படி 8: போலீஸ் விசாரணை

விண்ணப்பம் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு அறிக்கைக்காகப் போகும். 30 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இழுக்கலாம். நீங்கள் எழுதியதும் நிலையப் பதிவேட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். விடுதலையான வழக்கு பதிவேட்டில் இன்னும் "நிலுவை" என்றே கிடப்பது உண்டு. தீர்ப்பு நகலைக் கொடுத்து, பதிவைச் சரிசெய்யும்படி எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 9: மறுத்துவிட்டால்

மறுப்புக்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும். பொதுநலன் கருதி தர இயலாது என்று சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு. சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்பதையும் பிரிவு 14 சொல்கிறது.

பிரிவு 18-இன்படி மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கவும் வழி உண்டு. அங்கும் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. "5 ஆண்டு முடிந்த பிறகும் பழைய தண்டனையை மட்டுமே வைத்து மறுத்துவிட்டார்கள், அதன் பிறகான என் நடத்தையைப் பார்க்கவே இல்லை" என்பது வலுவான வாதம். "எனக்கு வேண்டும்" என்பது வாதமே அல்ல.

ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களுக்கு

பிரிவு 9 வைத்திருப்பதையும் தடுக்கிறது. ஆகவே உரிமம் இருக்கும்போதே வன்முறைக் குற்றத்தில் சிறைத்தண்டனை வந்தால், துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தேர்தல் நேரத்தில் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும்போதும் ஜாமீனில் இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், கலவர வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் ஆகியோரின் உரிமங்களைத்தான் மாவட்டக் குழு முதலில் பரிசீலிக்கும். ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண்ணையும் தோட்டாக்களின் எண்ணிக்கையையும் குறித்த ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.

காட்டுப்பன்றிக்காக உரிமம் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆயுத உரிமம் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டுமே. வன உயிரினங்களைச் சுடுவதற்கு அது அனுமதி ஆகாது. வனத்துறை அனுமதியின்றிச் சுட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புது வழக்கு வரும், அடுத்த ஏ-1 படிவத்தில் அதையும் எழுத வேண்டிவரும்.